அன்பும் அட்டவணையும்

என் இளைய மகளுக்குப் பத்து வயது நிறைந்த அன்று, வீட்டில் கேக் வெட்டுவதற்குப் பதிலாக எங்கேயாவது நாலு ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடலாமே என்று என் மனைவி சொன்னாள். நல்ல யோசனை. கதை எழுதுகிறவன் வீட்டுக்குப் பொருத்தமான யோசனை என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போன் செய்தோம். சாதாரணச் சாப்பாடு என்றால் இவ்வளவு, வடை பாயசத்தோடு என்றால் இவ்வளவு என்று கணக்குச் சொன்னார்கள். வடை பாயசத்தோடு என்றே ஏற்பாடு செய்துவிட்டுக் குடும்பத்தோடு போய் இறங்கினோம்.

எண்பது பிள்ளைகள். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டாகிவிட்டது. ஆனால் யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஒரு பெரிய பையன் கையசைத்ததும் எண்பது குரல்களும் ஒன்றாக எழுந்து என் மகளின் பெயரைச் சொல்லி வாழ்த்துப் பாடின. அவளை அதற்கு முன் கண்டறியாத பிள்ளைகள். அவள் பெயரை அரைமணி முன்புதான் கரும்பலகையில் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள். பாட்டு முடிந்தபின் எங்கள் குடும்பம் நீடூழி வாழ வேண்டுமென்று ஒரு பிரார்த்தனை. அதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. என் மகளோ கூசிப்போய்த் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பரிமாறிக்கொண்டே வந்தபோது ஒரு சிறுமி பாயசத்தைத் தொடாமல் வைத்திருப்பதைக் கவனித்தேன். ஏழெட்டு வயது இருக்கும்.

“ஏம்மா, பாயசம் பிடிக்காதா?”

“பிடிக்கும் மாமா. நேத்தும் பாயசம், முந்தாநாளும் பாயசம்” என்றாள்.

அவள் குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அந்த வாரத்தில் ஊரில் மூன்று பேருக்குப் பிறந்த நாள் வந்துவிட்டது. யாருக்கும் பிறந்த நாள் வராத வாரங்களும் ஆண்டில் இருக்குமல்லவா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

விடை பெறும்போது என் மகள் அங்கிருந்த மேற்பார்வையாளரைக் கேட்டாள்: “இவங்களுக்கெல்லாம் பிறந்த நாள் எப்போ?”

அவர் நல்ல மனிதர். மறைக்காமல் சொன்னார்: “தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு அந்தத் தேதி, பாப்பா. தெரியாத பிள்ளைங்களுக்கு ஸ்கூல்லே சேர்க்கறப்போ ஜூன் ஒண்ணுன்னு போட்டுடுவோம்.”

வீடு வந்து சேரும்வரை காரில் யாரும் பேசவில்லை.

நாங்கள் அன்று செய்தது நல்ல காரியமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பசித்தவனுக்குச் சோறு போடுவதைப் பழிப்பது என் நோக்கமல்ல. அந்த அறத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மரபு நம்முடையது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு மணிமேகலை சென்ற இடம், கேட்பாரற்றவர்களும் உறுப்புக் குறையுற்றவர்களும் ஒதுங்கிக் கிடந்த உலக அறவி என்னும் பொதுவிடம். அதோடு அவள் நிற்கவில்லை. அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரவேண்டும் என்று கேட்டாள். காப்பகம் என்ற எண்ணமே நமக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால், நாங்கள் போட்ட சாப்பாட்டுக்கு அந்தப் பிள்ளைகள் பாட்டுப் பாடி விலை கொடுத்தார்கள். விலை வாங்கிக்கொண்டு போட்ட சோற்றைத் தானம் என்று சொல்லலாமா? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. சோறும் துணியும் சுவரும் கூரையும் கொடுத்துவிட்டால் ஒரு மனித உயிரைக் காப்பாற்றியதாகுமா?

இந்தக் கேள்விக்கு எண்களிலேயே ஒரு விடை இருக்கிறது. 1945-ஆம் ஆண்டில் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இடங்களில் வளர்ந்த கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஓரிடம் பெண்களுக்கான சிறை. அங்கே கைதிகள் தங்கள் குழந்தைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். மற்றோரிடம் அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம். அது தூய்மையானது, அளந்த பால், மருத்துவக் கவனிப்பு, நோய் தொற்றாதிருக்கத் தொட்டிலுக்குத் தொட்டில் திரை எல்லாம் உண்டு. ஆனால் ஒரு தாதிக்கு ஏழெட்டுக் குழந்தைகள். பால் கொடுக்கவும் துணி மாற்றவுமே அவளுக்கு நேரம் போதவில்லை. சிறையிலிருந்த குழந்தைகள் தவழ்ந்தன, நடந்தன, பேசின. இல்லத்துக் குழந்தைகளோ வாடின. இரண்டு ஆண்டுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்தேபோயின. சிறை பிழைக்க வைத்ததை இல்லம் பிழைக்க வைக்கவில்லை!

ஸ்பிட்ஸின் ஆய்வு முறை போதாது என்று குறை சொன்னவர்களும் உண்டு. சரி, பிந்திய செய்தி ஒன்றைப் பார்ப்போம். ருமேனியாவில் 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்து சட்டம் போட்டார்கள். வளர்க்க வழியில்லாதவர்கள் பெற்ற பிள்ளைகளை அரசாங்க விடுதிகளில் விட்டார்கள். 1989-ல் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது, வரிசை வரிசையான கட்டில்களில் அழக்கூட மறந்துபோன குழந்தைகளை உலகம் பார்த்தது. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட குழந்தை அழுவதை நிறுத்திவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் புக்காரெஸ்ட் நகரத்து விடுதிகளிலிருந்த 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மறு பாதி வழக்கம்போல் விடுதிப் பராமரிப்பிலேயே தொடர்ந்தது. குடும்பங்களுக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மற்றவர்களை முந்தியது. அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் மிகுதியாகத் தேறினார்கள். மறு பாதியை அப்படியே விட்டது தருமமா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைக் கேட்கும் நாம், நம் ஊர் விடுதிகளில் அப்படியே விட்டிருப்பவர்களைப் பற்றியும் அதே மூச்சில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் விடுதிகளில் இருப்பவர்கள் கொடியவர்களா? இல்லை. இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை, பட்டறிந்து சொல்கிறேன். என் அப்பாவுடன் பிறந்த அத்தை ஒருத்தி இருந்தாள். கனகவல்லி என்று பெயர். இளமையிலேயே கணவனை இழந்து, எங்கள் வீட்டோடு வந்து, என்னையும் என் தம்பி தங்கைகளையும் வளர்த்து ஆளாக்கியவள். எழுபத்தெட்டாவது வயதில் அவளுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. அடுப்பை அணைக்க மறந்தாள். வாசல் கதவைத் திறந்துகொண்டு, என்றைக்கோ இடிந்துபோன பழைய வீட்டைத் தேடிப் போனாள். என் மனைவி வேலைக்குப் போகிறவள். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன் என்று பெயர்; எழுதுகிறவன் வீட்டில் இருந்தாலும் இல்லாதவன்தான். குடும்பமாகக் கூடிப் பேசினோம். கடைசியில் அத்தையை ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டவன் நான்.

நல்ல இல்லம் அது. அறை சுத்தமாக இருந்தது. வாரம் ஒருமுறை டாக்டர் வந்து போனார். யாரும் அத்தையை அதட்டிப் பேசியதில்லை. ஆனால் அத்தை நாற்பது ஆண்டுகளாக விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து காப்பி போட்டுக் குடித்துப் பழகியவள். எல்லாவற்றையும் மறந்தாலும் அந்த நாலரை மணியை மட்டும் அவள் உடம்பு மறக்கவில்லை. இல்லத்தில் காப்பி ஆறரை மணிக்குத்தான். இரண்டு மணி நேரம் இருட்டில் கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஏதோ நடக்கவேண்டியது நடக்கவில்லை என்ற தவிப்போடு உட்கார்ந்திருப்பாள் என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் சொன்னாள். மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் வருத்தத்தோடுதான் பதில் சொன்னார்:

“ஒருத்தருக்குக் கொடுத்தா அறுபது பேருக்கும் கொடுக்கணும், ஸார்.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. விடுதி என்ற ஏற்பாட்டின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. இது கொடுமையின் குரல் அல்ல, நியாயத்தின் குரல். எல்லோருக்கும் சமமாக நடக்கவேண்டும் என்று நினைக்கும் ஒரு மனிதரின் குரல். அறுபது பேருக்கு மூன்று ஆயாக்கள். ஒருத்திக்கு நாலரைக்குக் காப்பி, இன்னொருவருக்கு இரவு பத்து மணிக்குப் பால், வேறொருவருக்கு மத்தியானத்தில் குளியல் என்று ஆரம்பித்தால் அந்த இடம் ஒரு நாள்கூட நடக்காது. எனவே அட்டவணை வேண்டும். அட்டவணை வந்ததும் அதற்கு ஒத்துவருகிறவர் நல்ல பாட்டி என்றும் ஒத்துவராதவர் தொல்லைக்காரப் பாட்டி என்றும் ஆகிவிடுகிறார். வீட்டிலும்தான் ஒழுங்கு உண்டு, நேரம் உண்டு. ஆனால் வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய சமையலே மாறிப்போகிறது. ஒருவருக்காக மற்றவர் வழக்கம் தடம் மாறச் சம்மதிக்கும் இடத்தைத்தான் நாம் வீடு என்று சொல்கிறோம். எல்லோருக்கும் ஒன்றையே கொடுப்பது சமத்துவம்தான். அவரவருக்கு வேண்டியதை அவரவர்க்குக் கொடுப்பதோ பரிவு. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் நெருக்கமும் வேண்டும்.

அங்கே அத்தைக்குப் பெயரும் இல்லாமல் போயிற்று. எல்லோரும் “பாட்டி” என்றார்கள். அறுபது பாட்டிகளில் அவள் ஒரு பாட்டி. என்னை அடையாளம் தெரியாத ஒரு நாளில், “கனகு அத்தே!” என்று கூப்பிட்டேன். சட்டென்று நிமிர்ந்து, எங்கேயோ தொலைவிலிருந்து திரும்பி வந்தவள்போல் பார்த்தாள். “சாப்பிட்டியாடா?” என்றாள். நான் வெளியே வந்து கேட்டருகில் வெகுநேரம் நின்றேன்.

அந்த இல்லத்தில் ஓர் ஆயா இருந்தாள். படிப்பு அதிகமில்லாதவள். தன் வீட்டிலிருந்து ஒரு பழைய ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து, இரவு வேலை முடிந்து போகும்போது சூடாகக் காப்பி ஊற்றி அத்தையின் கட்டிலருகில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். நாலரை மணிக்கு அது பாதி ஆறிப்போயிருக்கும். ஆனாலும் காப்பி. இது எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. வெட்கத்தோடு சொல்கிறேன்: நூறு கதை எழுதிய எனக்கு ஒரு ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுக்கலாமே என்று தோன்றவில்லை. மானேஜர் முடியாது என்று சொன்னதும் என் கடமை தீர்ந்துவிட்டதென்று பஸ் ஏறியவன் நான்.

கூலி வாங்கிக்கொண்டு அன்பு செலுத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு அந்த ஆயாவைத்தான் காட்டுவேன். கூலிக்கும் அன்புக்கும் பகை இல்லை. எந்தச் சம்பளப் பட்டியலிலும் அந்தக் காப்பி இல்லை; அவளாகச் செய்தாள். ஆனால் இதில் மயங்கிவிடவும் கூடாது. ஓர் ஏழைப் பெண்ணின் ஃபிளாஸ்க்கை நம்பி ஒரு சமுதாயம் தன் முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவைக்க முடியாது. அவள் நாளைக்கு வேலையை விட்டுப் போனால்? அன்பு செய் என்று யாருக்கும் உத்தரவு போட முடியாது. ஆனால் அன்பு பிழைத்திருக்கக்கூடிய நிலைமையை உண்டாக்கு என்று உத்தரவு போடலாம். ஒருத்தி அறுபது பேரை அல்ல, ஆறு பேரைப் பார்த்துக்கொள்ளட்டும். மாதம் ஒரு முகம் மாறாமல் ஆண்டுக்கணக்கில் அவளே இருக்கட்டும். அப்படி இருக்கும்படியான சம்பளம் அவளுக்குக் கிடைக்கட்டும். அன்பு தானே வரும் என்று நான் உறுதி சொல்லவில்லை. வந்தால் தங்குவதற்கு இடமாவது இருக்கும்.

இத்தனையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் விடுதிகளையே மூடிவிடலாமே, குடும்பத்துக்கு ஈடு ஏது?” என்று சிலர் சொல்வார்கள். குடும்பத்தைக் கோயிலாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. குடும்பம் கைவிட்டதனால்தானே பலர் விடுதிக்கு வருகிறார்கள்? 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஔவை இல்லத்தைத் தொடங்கிய கதையை எண்ணிப் பாருங்கள். தேவதாசி வாழ்க்கை வேண்டாமென்று வந்த பெண்களுக்குச் சென்னை விடுதிகள் இடம் கொடுக்க மறுத்தன. அவர் தம் வீட்டிலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டார். இல்லம் பிறந்தது அப்படித்தான். 1992-ல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும், பெண்ணாய்ப் பிறந்த குற்றத்துக்காகச் சொந்த வீட்டிலேயே உயிர் போகவிருந்த சிசுக்களைக் காப்பாற்றத்தான். அந்தச் சிசுவுக்கு அரசாங்கத் தொட்டில், பெற்றவள் மடியைவிடப் பத்திரமான இடம்.

குடும்பமும் விடுதியும் சேர்ந்து ஒரு மனிதனைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை யாரும் தூக்கிக்கொண்டு வந்து அங்கே அடைத்துவிடவில்லை. உறவினர்களே அழைத்துவந்து, பணம் கட்டி, விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் பலர் அழுதுகொண்டேதான் போயிருப்பார்கள். அத்தையை விட்டுவிட்டு வந்த அன்று நானும் அழுதேன். விட்டுவிட்டுப் போகிறவன் அழுகிறான் என்பதனால் விடப்பட்டவனுக்கு ஒரு பயனும் இல்லை. இரவில் காவலுக்கு ஆள் போடச் செலவாகும், சங்கிலிக்குச் செலவில்லை. “ஒருத்தருக்குக் கொடுத்தா அறுபது பேருக்கும்” என்ற கணக்கைக் கேள்வி கேட்பாரில்லாமல் கடைசிவரை கொண்டுபோனால், அது போய் நிற்கும் இடம் அந்தச் சங்கிலிதான்.

சட்டங்கள் வராமலில்லை. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். வீட்டார் ஏற்கவில்லை, போக்கிடம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கலாகாது, சமூகத்தில் வாழ அவருக்கு உரிமை உண்டு என்றும் அது சொல்கிறது. குழந்தையை விடுதியில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி நடவடிக்கையாக இருக்கவேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டம், ஏழை முதியோருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது கட்டலாம் என்று சொல்லும்போது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் என்று அளவு சொல்கிறது. நூற்றைம்பது கட்டில்கள்! நல்லெண்ணத்தோடு எழுதிய சட்டத்திலும் அட்டவணை முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வேறு வழியே இல்லை என்பதும் உண்மையல்ல. வீதியில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ என்ற அமைப்பு, 2015-லிருந்து ஒரு புதிய முறையைக் கையாள்கிறது. ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்கிப்போனவர்களில் நாலைந்து பேரைச் சேர்த்து, சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடிவைக்கிறார்கள். உதவிக்கு ஓர் ஆள். என்ன சமைப்பது, எப்போது தூங்குவது என்பதை அங்கே வாழ்கிறவர்களே பேசி முடிவு செய்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் தயங்கினாலும் பிறகு கோலமாவு கடன் வாங்குகிற அளவுக்குப் பழகிவிடுவார்கள். தெரு என்பது அப்படிப்பட்டதுதான். அங்கே நாலரைக்குக் காப்பி போடலாம். அறுபது பேருக்குப் போட வேண்டியதில்லை.

விடுதிப் பிள்ளைக்கு இன்னொரு தேதி காத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் வெளியே போகவேண்டும். இருபத்தொரு வயதுவரை பின்பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு, கிடைக்கிறவர்களுக்குக் கிடைக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை பதினெட்டில் என்ன செய்கிறான்? சட்டையைக் கொடியில் போடக்கூடத் தாயை அழைக்கிறான். ஜூன் முதல் தேதி பிறந்ததாக யாரோ எழுதிவைத்த பிள்ளை, அதே ஜூன் முதல் தேதியில் ஒரு டிரங்குப் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறான். பிறந்த நாளைக் கொண்டாட மறந்த ஏற்பாடு, கணக்குத் தீர்க்க மட்டும் அந்த நாளை நினைவு வைத்திருக்கிறது.

கனகு அத்தை இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது. அந்த ஆயாவைத் தேடிப் போய் ஒரு புது ஃபிளாஸ்க் கொடுத்தேன். “எதுக்கு ஸார் இதெல்லாம்?” என்று வாங்கிக்கொண்டாள். காலம் தவறிக் கொடுத்த பொருள் அது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மகளும் மட்டும் அந்தக் குழந்தைகள் இல்லத்துக்கு மறுபடி போனோம். சாப்பாட்டுக்கு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. பாயசச் சிறுமியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். வாசலில் பார்வையாளர் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்கள். பெயர், ஊர் எழுதினேன். அடுத்த கட்டத்தில் ‘விசேஷம்’ என்று இருந்தது. பிறந்த நாள், திருமண நாள், நினைவு நாள் என்று மேலே வரிசையாக எழுதியிருந்தார்கள்.

“என்ன விசேஷம் ஸார்?” என்றார் மேற்பார்வையாளர், பேனாவைப் பிடித்துக்கொண்டு.

“ஒண்ணுமில்லே. சும்மா பார்க்க வந்தோம்” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். பிறகு அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு எங்களை உள்ளே அனுப்பினார்.